மேல்வீட்டுக் குளியலறை

எங்கள் குளியலறைக் கூரையில் ஈரம் தெரிந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லை அந்தக் கறை. ஆனால் வெள்ளையடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, மனசு கேட்கவில்லை. மாடியேறிப் போய், "அண்ணா, உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்டுக்குள்ள இறங்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் அப்போது கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து, மூடியைக் கழற்றிய ஸ்விட்ச்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதைக்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

மேல்வீட்டு அண்ணனை எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் 'டெஸ்டர்' என்றுதான் தெரியும். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருக்கும். இருபத்துமூன்று வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்றே மாடிதான். "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேலே ஏத்தி விடறேன், என் பொண்டாட்டி மட்டும் காய்கறிப் பையோட படி ஏறுறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யார் வீட்டில் மின்விசிறி நின்றாலும், குழாய் ஒழுகினாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். வருவார், பார்ப்பார், ஐந்து நிமிஷத்தில் முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஆயுசுக்கும் ஓடும்" என்பார். ஓடும்.

சனிக்கிழமை சாயங்காலமானால் குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் தம்போலா நடக்கும். கையில் எண் அச்சடித்த சீட்டு இருக்கும். மேடையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார்கள். நம் சீட்டில் அந்த எண் இருந்தால் அடித்துவிட வேண்டும். முதலில் முடித்தவருக்குப் பரிசு. பரிசு என்ன பெரிய பரிசு, பிளாஸ்டிக் வாளியோ ஃபிளாஸ்க்கோ. என் வீட்டில் மட்டும் ஏழு வாளி சேர்ந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் வாளிக்காகப் போனதில்லை. எண்ணைக் கூப்பிடும் அக்காவுக்காகத்தான் போனோம். அந்த அக்கா டெஸ்டர் அண்ணனின் மனைவி.

வாரம் முழுக்க மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அதிர்ந்து பேசமாட்டாள். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் வேறு ஆள். "நாலு, கால் மேல கால் போட்டு உட்கார்ந்த மேனேஜர்!" "எட்டு, நம்ம செயலாளர் இடுப்பில பெல்ட்!" "எழுபத்தேழு, அரிவாள் ரெண்டு, யார் தலைக்கோ!" "நாப்பது, நாய்க்குணம் ஆரம்பம், ஆம்பளைங்க கையைத் தூக்குங்க!" கூடமே விழுந்து விழுந்து சிரிக்கும். அண்ணன் மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கருக்கு அருகே நின்றுகொண்டு, மனைவியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். மைக், ஒயர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

இதெல்லாம் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால்.

நகரத்துக்குள் ஏழு மாடி அலுவலகம் ஒன்றின் லிஃப்ட் அவர் பராமரிப்பில் இருந்தது. பழைய லிஃப்ட், கையால் இழுத்துத் திறக்கும் கதவு. கதவு சரியாகச் சாத்தியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். பழுது பார்க்கும்போது மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்கு ஒரு சின்ன ஒயரை மாட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணன் அங்கே போய் வேலை பார்த்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் நாலாவது மாடியில் ஒரு ஃபைல் பெட்டியை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வந்த அலுவலக உதவியாளர் ஒருவர், திறந்து கிடந்த கதவுக்குள் கால் வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. அது ஆறாவது மாடியில் நின்றது.

விசாரணைக்கு வந்தவர்கள் அந்த ஒயர் மாட்டியபடியே இருந்ததைப் பார்த்தார்கள். சனிக்கிழமை லிஃப்ட் நின்றுபோய், வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டோம் என்று காவலாளி முதலில் சொன்னார். மறுநாள், அப்படி யாரும் வரவில்லை என்றார். மூன்றாம் நாள் வேலையை விட்டே போய்விட்டார். அண்ணனைக் கேட்டபோது, "எடுத்துட்டேன் சார்" என்றார். இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு குறைகூட இல்லாத ஆள். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றியது. தண்டனை இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு மாதிரி என்று சொன்னார்கள்.

"நம்ம மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று அக்கா எங்களிடம் வந்து சொன்னாள். எல்லோரும் மூச்சு விட்டோம். அண்ணன் மட்டும் விடவில்லை.

அதற்கப்புறம் அவர் சனிக்கிழமை கூடத்துக்கு வருவதை நிறுத்தினார். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் பிரிக்க ஆரம்பித்தார். அயர்ன்பாக்ஸ், கதவுத் தாழ்ப்பாள், மிக்ஸி, மணி அடிக்கும் கடிகாரம். பிரித்துப் பார்ப்பார், சரியாகத்தான் இருக்கும். திரும்ப மூட மாட்டார். திருகாணிகளைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, எந்தக் கிண்ணம் எதற்கு என்று தாளில் எழுதி வைப்பார். "இன்னும் ஒரு தடவை பாத்துட்டு மூடிடறேன்" என்பார். அந்த வீட்டில் எந்த ஸ்விட்சுக்கும் மூடி கிடையாது. கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த மகளை எல்லோரும் 'பாப்பா' என்போம். அவள் ஒருநாள் என்னிடம், "எங்க வீடு ஆபரேஷன் பண்ணிப் பாதியில விட்ட மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். என்ன செய்ய.

இப்படி இருந்த ஆளிடம்தான் நான் போய்ப் பாத்ரூமைப் பாருங்கள் என்றேன்.

மறுநாள் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தரைக் கல்லைப் பெயர்த்து, கீழே நிரப்பியிருந்த செங்கல்தூளை அள்ளி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிவிட்டார். குழாய் இணைப்பில் விரிசல். அதை மாற்றவும் செய்தார். எங்கள் கூரை இரண்டே நாளில் காய்ந்தது. இனி மணலைப் போட்டு, சிமெண்ட் பூசி, கல் பதித்தால் முடிந்தது. ஆனால் தினமும் கிடங்கிலிருந்து வந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றிவிட்டு, அந்த இணைப்பைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்துவிடுவார்.

"ஒழுகலையே" என்பாள் அக்கா.

"இன்னைக்கு ஒழுகல. மூடினப்புறம் ஒழுகினா யாருக்குத் தெரியும்?"

"ஒழுகினா கீழ்வீட்டுல சொல்லப் போறாங்க. அதுக்கென்ன, ராணுவமா வரப்போகுது?"

அவர் குழியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுவைத்தார். கழிப்பறை தனியாக இருந்ததால் அது பிழைத்தது. குளிக்க மட்டும் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். ஒரு வாரம் என்றார்கள். நாலு மாதம் ஆனது.

காலை ஆறு மணிக்கு அக்கா துண்டும் சோப்புப் பெட்டியுமாக வந்து நிற்பாள். முதலில் கூச்சப்பட்டாள், அப்புறம் எனக்கும் அது பழகிவிட்டது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் டீ போட்டுவைப்பேன். ஈரத்தலையோடு ஐந்து நிமிஷம் உட்கார்வாள். "ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு மூடிட்டா என்ன அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூப்பிட்டேன். வந்தான். இவரு வாசல்லயே நின்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அழுற மாதிரி முகம். நான் என்ன பண்ணட்டும் சொல்லு. சண்டை போடற மனுஷன்கிட்ட சண்டை போடலாம்."

சனிக்கிழமைகளில் மட்டும் அவள் தவறாமல் கூடத்துக்கு வந்தாள். முன்னைவிட வேகமாக, சத்தமாக எண்களைக் கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்ப அவசரமே காட்ட மாட்டாள். நாற்காலிகளை அடுக்கி வைக்கக்கூடக் கூடவே நிற்பாள்.

நாலாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், குளியலறை அலமாரியில் இருந்த சீப்பை எடுக்கப் பலகை மேல் கால் வைத்தாள். பலகை புரண்டது.

பாப்பா அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் மேலே ஓடினேன். அக்கா குழிக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. நினைவு இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்திருந்தார். உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"கீழ விழுந்துட்டா" என்றார் என்னிடம். "கீழ விழுந்துட்டா. கீழ விழுந்துட்டா."

அவர் விரல்களைப் பிரித்து விலக்கித்தான் நான் உள்ளே போக வேண்டியிருந்தது.

தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் நான் போனபோது, பாப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்றார். மூன்று நாள் தாடி. நான் வெளியே போகலாமா என்று யோசிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ஒயரை எடுத்தேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

அக்காவுக்கு எந்த ஒயர் என்று கேட்கத் தேவைப்படவில்லை. "எடுத்துட்டேன்னுதானே சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். சொல்லும்போதே ஞாபகம் இல்ல. இருபத்துமூணு வருஷமா தினமும் எடுத்திருக்கேன். கண்ணை மூடினா எடுக்கற மாதிரிதான் வருது. ஆனா அது அன்னைக்கு எடுத்ததா, வேற என்னைக்கோ எடுத்ததான்னு பிரிச்சுப் பாக்க முடியல."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அன்னைக்கு இருபது நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டேன்" என்றார். "கடை மூடறதுக்குள்ள மைக் ஒயர் வாங்கணும்னு."

பாப்பா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பா, இதையெல்லாம் இப்பத்தான் சொல்லணுமா? அம்மா இப்படிக் கிடக்கும்போதுதானா?"

"அவரைச் சொல்லாதே" என்றாள் அக்கா. கூரையைப் பார்த்தபடி இருந்தாள். "மைக்ல கரகரன்னு சத்தம் வருது, புது ஒயர் வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு வாரமாச் சொன்னேன். அன்னைக்குக் காலையில சத்தம்கூடப் போட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டினார். அது அவளைக் குற்றம் சொல்ல அல்ல, ஆமாம் என்றுகூட அல்ல. கேட்டேன் என்பதற்கான ஆட்டல். அக்காவின் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பாப்பா துடைத்துவிட்டாள். நறுக்கிய ஆப்பிள் தட்டிலேயே கறுத்துப்போனது.

அடுத்த வாரம் அவர் கம்பெனியில் மேற்பார்வையாளரிடம் போய் இதையே சொன்னார். "ஃபைலை மூடியாச்சு. நீயே எதுக்குய்யா மறுபடி தோண்டுறே?" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அவர் விசாரணை அலுவலகத்துக்குத் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. கம்பெனியிலிருந்து மட்டும், நீங்களாகவே ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டார்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்கள் வீட்டு உள்ளறையில்தான் படுத்திருந்தாள். எங்கள் மாடி வரைக்கும்தான் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிவர முடிந்தது. ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். லிஃப்டில் விழுந்து இறந்தவருக்கு மனைவி பிள்ளைகள் இல்லை, ஒரு அக்கா மட்டும் இருக்கிறாளாம். அண்ணன் அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்கிறாராம். "நீ கூடப் போ. தனியா விட்டா வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துடுவாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போனோம். வரிசையாக ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, தையற்கடைக்காகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். யார் என்று நான் சொன்னதும் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார்.

"நீங்கதான் அந்த மெக்கானிக்கா?"

"ஆமாங்க."

"எடுத்தீங்களா, எடுக்கலையா?"

"ஞாபகம் இல்லைங்க. எடுத்துட்டேன்னு அன்னைக்குச் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாளுக்குக் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"எடுக்கலைன்னு சொன்னா உங்களைத் திட்டலாம். எடுத்துட்டேன்னு சொன்னா வேற யாரையாவது திட்டலாம். ஞாபகம் இல்லைன்னா, அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்த அம்மாள் ஊசியை உருவி, மறுபடி அதே சட்டையில் குத்தினார்.

"எட்டு வயசு சின்னவன் எனக்கு" என்றார். "எங்கம்மா போனப்புறம் நான்தான் தூக்கி வளர்த்தேன். பொட்டியை இழுக்கும்போது பின்னாடி பாத்து இழுடான்னு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும். நான் சொல்லல. எனக்கு எப்படித் தெரியும், அவன் ஆபீஸ்ல என்ன இழுக்கறான்னு?"

எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை நின்றார்.

"நல்லா இருங்கன்னு சொல்ல வாய் வரல. நாசமாப் போங்கன்னும் வரல. கிளம்புங்க. இனிமே வராதீங்க."

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாதி வழியில், "அவங்க கேட்டது சரிதான்" என்றார். அவ்வளவுதான். மனப்பாரம் இறங்கியதா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒன்றும் இறங்கவில்லை.

ஆனால் மறுநாள் அவராகவே போய் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். இரண்டு நாள் வேலை. கொத்தனார் குழியைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நீச்சல் குளம் கட்டற மாதிரி பாதியில விட்டுட்டீங்களா?" என்று கேட்டாராம். சிமெண்ட் கொட்டப்போகிறார்கள் என்றதும் அண்ணன் கீழே இறங்கி வந்து எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளறையில் அக்கா, நடுவில் திரை. மேலே கரண்டி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும் நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க அண்ணா."

"நல்லாப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நானும் பாத்தேன்."

உள்ளிருந்து அக்கா, "விடுங்களேன்" என்றாள். திட்டுகிற குரல் அல்ல. களைத்துப்போன குரல். அவர் கையை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஸ்விட்ச்போர்டுகளையும் அந்தக் கொத்தனார் அழைத்துவந்த எலக்ட்ரீஷியன்தான் மூடினார். அதன் பிறகு அண்ணன் எதையும் பிரித்ததில்லை, எதையும் சரிசெய்ததும் இல்லை. பல்பு போனால்கூட ஆளைக் கூப்பிடுகிறார். பாப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை வருகிறாள், அம்மாவிடம் பேசுகிறாள், அப்பாவிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். அவரிடம் அவ்வளவு கேட்பதே பெரிது என்கிறாள் அக்கா.

அக்கா மைக்கைத் தொடவில்லை. சங்கத்தார் இரண்டு தடவை வீடு தேடி வந்து கேட்டார்கள். கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள். யாரும் முன்வராததால் இப்போது எண்களை நான் கூப்பிடுகிறேன். எட்டு என்றால் எட்டுதான். எனக்கு வேறு எதுவும் சொல்ல வருவதில்லை. கூட்டமும் பாதியாகிவிட்டது.

கால் கூடியபோது ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மருந்துக்கடையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அண்ணன் போய்க் கூட்டிவருகிறார். இரண்டு மாடி ஏற அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவாள். அவர் எப்போதும் ஒரு படி கீழேயே வருவார், இரண்டு கையையும் அவள் முதுகுக்குப் பின்னால் தொடாமல் ஏந்திக்கொண்டு. என் கதவருகில் வந்ததும் மூச்சு வாங்க நிற்பார்கள். "டீ போடட்டுமா அக்கா?" என்று கேட்பேன். சில நாள் உள்ளே வருவாள். சில நாள், "இன்னும் ஒரு மாடிதான், போயிடறோம்" என்பாள்.